ஒன்றே கால் அங்குலப் புல்

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, காப்பிக் கோப்பையோடு முன்படியில் நின்றுகொண்டு, தன் புல்வெளியில் இனி ஒரு க்ளோவர் இலைகூட இருக்கக் கூடாது என்று வெண்டல் ஹூபர் முடிவு செய்தார். அவருடைய முடிவுகள் எல்லாம் அந்தப் படியில்தான் பிறக்கும். பாதி, படி இறங்குவதற்குள் செத்துப்போகும். இது பிழைத்துக்கொண்டது.

க்ளோவர் என்கிற அந்தக் களை போன வருடம் தபால்பெட்டிக் கம்பத்தின் அடியில் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. மூன்று மூன்று இலை, வெள்ளைப் பொத்தான் மாதிரி பூ. இந்த வருடம் அது ஒரு படுக்கை விரிப்பு அளவுக்கு வந்திருந்தது. எதிர்வீட்டு டக்கின் புல்வெளியிலோ புல்லைத் தவிர எதுவும் இல்லை. கோடை மாதங்களில் தோட்டச் சங்கத்துப் பெண்கள் காரில் மெதுவாகத் தெருத்தெருவாகப் போய், நல்லதாக ஒரு வீட்டைப் பார்த்து, 'இம்மாதத்தின் புல்வெளி' என்று எழுதிய பச்சைப் பலகையை நட்டுவிட்டு வருவார்கள். டக் வீட்டில் மூன்று தடவை நட்டிருக்கிறார்கள். டக் கல்யாணம் ஆகாதவர். பலகையைத் துடைக்க அவருக்கு நேரம் இருந்தது. பத்தொன்பது வருடமாக வெண்டல் அதைத் தன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய், "அர்லீன், இன்னைக்கு மருந்து அடிக்கப் போறேன்" என்றார்.

அவர் மனைவி அர்லீன் மேசையில் உட்கார்ந்து வலைத்தொப்பியில் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். போன இலையுதிர் காலத்தில் கராஜுக்குப் பின்னால் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தார். வெண்டல் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

"அடி. டக்கும் அதைத்தானே அடிக்கிறான்."

"அதான் அவனுக்கு மூணு தடவை பலகை கெடைச்சுது."

"அவனுக்கு எங்க கெடைச்சுது? மருந்துக்குக் கெடைச்சுது. மெஷினை நேரா ஓட்டத் தெரியுமா அவனுக்கு? போன வாரம் பாத்தேன், பாம்பு போன தடம் மாதிரி இருந்துது."

வெண்டல் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருடம் ஒஹாயோவின் மாவட்டச் சாலைகளில் மஞ்சள் கோடு போட்டு ஓய்வு பெற்றவர் அவர்.

"நானும் பாத்தேன். ரெண்டு எடத்துல கோணல்."

"ஓட்டத் தெரியாதவனுக்கு மருந்து. நீ எதுக்கு அடிக்கணும்? இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டினா போதாதா?"

"எவ்வளவு ஒட்ட?"

"எனக்கென்ன தெரியும்? கோல்ஃப் மைதானத்துல எப்படி வெட்டுறாங்க? அங்க க்ளோவர் இருக்கா?"

இல்லைதான். தலையெடுக்க விடாமல் வெட்டினால் எதுவும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? இந்த யோசனை தனக்கே வந்ததாக, கராஜை அடைவதற்குள், வெண்டலுக்குத் தோன்றிவிட்டது. புல்வெட்டும் மெஷினின் உயரத்தைக் கடைசிப் பல்லுக்கு இறக்கினார். ஒன்றே கால் அங்குலம். வெட்டி முடித்தபோது புல்வெளி, ராணுவத்தில் சேர்ந்த முதல் நாள் பையனின் மண்டை மாதிரி இருந்தது. அர்லீன் வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்.

"கார்ப்பெட் மாதிரி இருக்கு, வெண்டல்."

கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் அவர் இப்படிச் சொன்னது இரண்டாவது தடவை. முதல் தடவை நிஜமான கார்ப்பெட்டைப் பற்றி.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை வெட்டினார். க்ளோவர் தபால்பெட்டியிலிருந்து நடைபாதைக்கு வந்தது. வாரம் மூன்று தடவை வெட்டினார். நடைபாதையைத் தாண்டியது. ஜூனில் உர மூட்டை ஒன்றைக் காரிலிருந்து இறக்கினார்.

"புல்லுக்குத் தீனி போட்டா அது வளருமே" என்றார் அர்லீன்.

"வளரத்தான் போடறேன்."

"வளந்தா வாரம் நாலு தடவை வெட்டணும். உன் முழங்கால் என்ன சொல்லுது?"

முழங்கால் ஏற்கெனவே அர்லீன் பக்கம் சேர்ந்திருந்தது. மூட்டை கராஜுக்குள் போயிற்று.

ஜூலை வந்தபோது புல்வெளியில் புல்லைத் தேட வேண்டியிருந்தது. க்ளோவர் வேலியிலிருந்து வேலிவரை பரவி, கணுக்கால் உயரம்கூட வளராமல், மெஷினின் கத்திக்குக் கீழேயே படுத்துப் பூத்தது. தேனீக்கள் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டன. வெண்டல் மருந்து டப்பாவைக் கையில் எடுத்தார்.

"அடிச்சா பத்து நாளைக்கு மஞ்சளா கெடக்கும்" என்றார் அர்லீன். "இந்த சனிக்கிழமை சங்கத்துக்காரங்க வர்றாங்க. மஞ்சளா காட்டணுமா, பச்சையா காட்டணுமா? நீயே முடிவு பண்ணு."

வெண்டல் தானே முடிவு பண்ணினார். டப்பா உர மூட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

ஜூன் பாதியிலிருந்தே மழை இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று ஊர் நிர்வாகம் தடை போட்டது. தெரு முழுவதும் புல் தவிட்டு நிறமானது. டக்கின் புல்வெளி வைக்கோலாகி, நடந்தால் நொறுங்கியது. க்ளோவர் மட்டும் மழையைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை கார் மெதுவாக வந்தது. வெண்டல் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். கார் டக் வீட்டில் நிற்கவில்லை. வெண்டல் வீட்டு முன்னால் நின்றது. சங்கத் தலைவி மிஸஸ் பெட்டிக்ரூ இறங்கினார். பின்னாலேயே பச்சைப் பலகையும் இறங்கியது.

வெண்டல் வெளியே வந்தபோது அவருடைய கைகள் எங்கே இருக்க வேண்டும் என்று கைகளுக்கே தெரியவில்லை.

"மிஸ்டர் ஹூபர், ஊருல பச்சையா இருக்கிறது உங்க வீடு ஒண்ணுதான்" என்றார் மிஸஸ் பெட்டிக்ரூ. "இவ்வளவு க்ளோவர் தானா வந்திருக்காது. திட்டம் போட்டுத்தானே வளத்தீங்க?"

வெண்டல் பலகையைப் பார்த்தார். பத்தொன்பது வருடம். எதிரே டக் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா. திட்டம்தான்" என்றார் வெண்டல்.

"அப்படின்னா இனிமே எடுத்துட மாட்டீங்களே?"

"சேச்சே. எடுக்கிறதா?"

"தேனீக்காகத்தான் வளக்கிறார்" என்றார் அர்லீன், ஐஸ் டீ ஜாடியோடு வந்து. "இன்னொரு பெட்டிகூட செவ்வாய்க்கிழமை வருது. வெண்டல், டிராயர்ல காகிதக் கைக்குட்டை இருக்கு, எடுத்துட்டு வாயேன்."

வெண்டல் உள்ளே போய் டிராயரைத் திறந்தார். காகிதக் கைக்குட்டைக்கு அடியில் மாவட்ட விவசாய ஆபீசின் துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது. ஏப்ரல் மாதத்தது. க்ளோவர் பரவாமல் இருக்க இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டவும். தவறாமல் உரம் போடவும். ஒட்ட வெட்டி, உரம் போடாமல் விட்டால் புல் சோர்ந்து க்ளோவர் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கடைசி வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. நல்ல நேரான கோடு.

கைக்குட்டையோடு அவர் திரும்பி வந்தபோது மிஸஸ் பெட்டிக்ரூ நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"எந்த உயரத்துல வெட்டுனீங்க, மிஸ்டர் ஹூபர்?"

"ஒண்ணேகால் அங்குலம்."

"நான் சொல்லிட்டேதான் இருந்தேன்" என்றார் அர்லீன், டீயை ஊற்றியபடி. "கொஞ்சம் ஒசத்தி வெட்டுன்னு. யார் சொன்னா கேக்குறார்?"

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். அந்த இடத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை.

கார் போன பிறகு டக் தெருவைக் கடந்து வந்தார். பலகையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து ஒரு க்ளோவர் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"வெண்டல், ஒளிக்காம சொல்லு. இந்த மாதிரி வரணும்னா நான் என்னதான் பண்ணணும்?"

வெண்டல் கராஜ் பக்கம் பார்த்தார். அங்கே அர்லீன் இரண்டாவது பெட்டிக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்.

"கல்யாணம் பண்ணிக்கணும்" என்றார்.