மூணு செகண்டுக்கு எதிர் நாற்காலி

“சாப்டீங்களா?” என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்ன ஒரே மனிதர் இந்த இந்தியாவிலேயே எங்கள் மூணு செகண்டுதான். கேட்டவுடன் நிமிர்ந்து நிற்பார். கேட்டவர் கண்ணை நேராகப் பார்ப்பார். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். அதற்குள் கேட்டவர் கை கழுவப் போயிருப்பார். “சாப்ட்டேன்” என்று அவர் கம்பீரமாகச் சொல்வதைக் கேட்க அங்கே ஆள் இருக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ‘ஸ்டோர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் மூணு செகண்டு என்று பட்டப்பெயர் வைத்த அவரோ பல வருஷம் நீலச் சட்டை போட்டு மெஷின் ஓட்டியவர். திடீரென்று ஒருநாள் வெள்ளைச் சட்டை கொடுத்து லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆறு மாதத்தில் தேறினால் வெள்ளை நிரந்தரம், தேறாவிட்டால் மறுபடியும் நீலம் என்று கண்டிஷன்.

கையோடு ஒருநாள் டிரெய்னிங்குக்கும் அனுப்பினார்கள். அங்கே கோட்டு போட்ட ஒருவர், தலைமை என்பது பதவியில் வருவதில்லை, தினசரிப் பழக்கத்தில் வருவது என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டில் கவனமாக இருந்தார்கள். இவர் ஒருவர்தான் அத்தனையையும் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நிமிர்ந்து நில், மூன்று வினாடி கழித்துப் பேசு, தினம் மூன்று பேரைப் பாராட்டு, எல்லோரையும் பெயர் சொல்லிக் குடும்பத்தை விசாரி. அந்த நோட்டு கம்பெனியில் செய்த நாசம் கொஞ்சநஞ்சமில்லை.

முதல் பலி மேனேஜரின் ஹெல்மெட். ஏதோ அவசரத்தில் அதைத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மேலே கிரேனில் நாலு டன் இரும்பு அச்சு தொங்குகிறது. கிரேன் ஓட்டும் முனுசாமி அண்ணன் கேட்டார்:

“இறக்கிக்கினே இருக்கவா, நிறுத்தவா?”

மூணு செகண்டு நிமிர்ந்தார். முனுசாமியின் கண்ணைப் பார்த்தார். எண்ணினார்.

“நிறுத்து” என்று அவர் வாயைத் திறந்தபோது ஹெல்மெட் அப்பளமாகியிருந்தது.

“இன்னாயா நீ, வாயில கொழுக்கட்டையா?” என்று முனுசாமி கத்தினார். அதற்கும் அவர் மூன்று வினாடி எடுத்துக்கொண்டார்.

பாராட்டு விவகாரம் இதைவிட மோசம். ஷிஃப்ட் முடியும்போது கணக்கில் ஒரு ஆள் குறையும். வழியில் யார் மாட்டினாலும் விடமாட்டார். ஒருநாள் வாட்ச்மேன் மாட்டினார்.

“அண்ணே, நீங்க கேட்டு தொறக்கற ஸ்டைலே தனி.”

வாட்ச்மேனுக்குப் பகீரென்றது. இவ்வளவு குழைகிறானே, உள்ளேயிருந்து எதையோ தூக்கிக்கொண்டு போகிறான் என்று பையைக் கொட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் பை சோதனை. எங்கள் எல்லோருக்கும் சேர்த்து!

குடும்ப விசாரிப்பும் அப்படித்தான். பீகாரிலிருந்து வந்திருந்த பையன் ஒருவனிடம் தினமும் காலையில் “அம்மா நல்லா இருக்காங்களா?” என்பார். ஐந்தாம் நாள் அவன் கண் கலங்கிவிட்டது. “சார், அம்மா நல்லாதான் இருக்கு. நீ தினம் கேக்குது, எனக்கு பயமா இருக்கு. உனக்கு ஏதாவது நியூஸ் வந்துச்சா?”

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் கேன்டீனில் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தக் கேன்டீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேனுக்குக் கீழே என்னைப் போன்ற வெள்ளைச் சட்டைகள், ஜன்னல் பக்கம் நீலச் சட்டைகள். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. வெள்ளைச் சட்டையோடு அவர் முதல் நாள் எங்கள் மேஜைக்குத் தட்டோடு வந்தார். நாங்கள் பிள்ளைகளுக்கு எந்த ஸ்கூல் என்று பேசிக்கொண்டிருந்தோம். யாரும் போ என்று சொல்லவில்லை, நகர்ந்து இடமும் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போனார். அங்கே அவரோடு பல வருஷம் ஒரே டப்பாவில் கை நனைத்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில், இரண்டு நாற்காலி போட்ட மேஜை ஒன்று அவருக்கு வாய்த்தது. ஒன்றில் அவர் உட்காருவார். எதிர் நாற்காலியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைப்பார்.

“அது யாருக்கு?” என்று ஒருநாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது கேட்டேன்.

மூன்று வினாடி. “நம்ம போய் ஒக்காந்தா அவங்களுக்குச் சங்கடம் ஸ்டோர்ஸ். நம்மகிட்ட லீடர்ஷிப் வந்துச்சின்னா தானா வந்து ஒக்காருவாங்க. நோட்டுல கீது.”

புதுவாயலில் ஒரு டயர் கடை மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். கல்யாணம் கட்டவில்லை. காலை நாஷ்டா, ராத்திரி பரோட்டா எல்லாம் தனியாகத்தான். மதியச் சாப்பாட்டிலாவது எதிரே ஒரு முகம் இருக்கட்டும் என்பதற்குத்தான் அத்தனை பாடும். சட்டை நீலமா வெள்ளையா என்பது அவருக்கு அப்புறம்தான். இது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே போய்விட்டேன்.

ஐந்தாவது மாதம் அடைமழை. ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர். மதியம் ஷிஃப்ட் முடிந்தது, கம்பெனி பஸ் வரவில்லை. வெள்ளைச் சட்டைகளுக்கு ஒரு வேன் ஏற்பாடானது. “பஸ் இல்ல, அவங்கவங்க பார்த்துக்கச் சொல்லு” என்று மேனேஜர் மூணு செகண்டை அனுப்பிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

கேட்டில் ஒரே கூச்சல். “நாங்க எப்பிடி ஊட்டுக்குப் போறது?”

அன்றைக்கு அவர் நிமிரவில்லை. எண்ணவும் இல்லை. “பேஜார் பண்ணாத முனுசாமி, நானும் வரேன். டேசன் வரிக்கும் நடந்துடலாம். சின்னப் பசங்க நடுவுல வாங்க, கை கோத்துக்குங்க” என்று பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். மீஞ்சூர் போகிறவர், பொன்னேரி போகிறவர் என்று கடைசி ஆள் ரயில் ஏறும்வரை பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார். அவர் போக வேண்டியது ரயிலிலும் இல்லை. புதுவாயலுக்குப் பாதி தூரம் நடந்தே போனாராம். வேன் ஜன்னல் வழியாக அவர் தலை நனைந்து போவதைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஜன்னலை ஏற்றி மூடினேன்.

மறுநாள் கேன்டீனுக்குள் அவர் நுழைந்ததும் ஜன்னல் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. பீகார் பையன் ஓடிப்போய் அவர் மேஜையைத் துடைத்தான். முனுசாமி தட்டில் சோறு வாங்கிவந்து வைத்தார். அவர் எதிர் நாற்காலியை இழுத்தார்.

“ஒக்காரு முனுசாமி.”

“அய்யய்யோ, இன்னா சார் நீங்க! உங்க எதிர்ல நாங்க எப்பிடி சார் ஒக்காருவோம்?”

போன மாதம் வரை ‘யா’ போட்டுத் திட்டிய முனுசாமி! சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டு நகர்ந்தார். அடுத்த மாதம் வெள்ளைச் சட்டையும் நிரந்தரமாயிற்று. நோட்டில் எழுதியதெல்லாம் பலித்துவிட்டது. கம்பெனியில் அவ்வளவு மரியாதை வேறு யாருக்கும் கிடையாது, அவ்வளவு தனியாகச் சாப்பிட்டவரும் கிடையாது.

எனக்கு அம்பத்தூரில் வேறு வேலை கிடைத்து, கிளம்பும் நாளில்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். மனிதர் முதுகை வளைத்து, வாயில் சோற்றோடு, ஊரில் போர் போட்டுத் தண்ணீர் வராத கதையை நிறுத்தாமல் சொன்னார். கேன்டீன் காலியானதுகூடத் தெரியாமல் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அம்பத்தூரில் இப்போது நானும் மேனேஜர். கதவு வைத்த தனி அறை, மேஜையில் டிபன் பாக்ஸ். மதியம் பன்னிரண்டரைக்கு மூணு செகண்டும் நானும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறோம். பாவம், அந்த மனிதருக்கு யாருமில்லை, அதனால்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். தினமும் போன் போடுவது நான்தான்.