சம்பந்திக்கு ஒரு ஹீட்டர்

"முழுசாத் திருகிட்டேன், ஒரு பொட்டு சூடு வரலடா" என்றார் ஆர்தர்.

மெக்கானிக் காளிதாசன் காடியின் டாஷ்போர்டில் காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தான். அப்புறம் வெளியே மண்டையைப் பிளக்கும் அலோர் ஸ்டார் வெயிலைப் பார்த்தான். கடைசியில் ஆர்தரைப் பார்த்தான்.

"அண்ணே, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"எனக்கில்ல. சம்பந்திக்கு."

போன மாதம் ஆர்தரின் மகள் அலிசியாவைப் பெண் பார்க்க, பாலிங்கிலிருந்து கேப்ரியலும் அவர் மனைவி நளினியும் வந்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்புகிறோம் என்றவர்களை விடாமல், ஆர்தர் தன் காடியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். வழி நெடுக கேப்ரியலுக்கு ஒரே நடுக்கம். கேட்டால், "ஒண்ணுமில்லங்க, கொஞ்சம் குளுருது" என்றார். ஏர்கோனை அடைத்தும் நடுக்கம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து நிச்சயப் பேச்சை எடுத்தாலே, "அவ்ளோ தூரம் வரணுமே" என்று இழுக்கிறார்கள். அலிசியா சரியாகச் சாப்பிடுவதில்லை. பெற்ற மனம் சும்மா இருக்குமா?

"ஜப்பான்ல இருந்து வந்த காடி. ஹீட்டர் இருந்தும் வேலை செய்யலன்னா எப்படி? என் பொண்ணு வாழ்க்கையே இதுலதான் இருக்குலா."

"ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருக்கும்" என்று காளிதாசன் தண்ணீரை மாற்றினான். சூடு வரவில்லை.

"ஹீட்டருக்குப் போற ஹோஸ எவனோ மாத்திக் கட்டியிருக்கான்" என்று பிரித்து மாட்டினான். மாட்டுகிற அவசரத்தில் ஏர்கோன் பைப் உடைந்தது. காற்று லேசாக வெதுவெதுத்தது.

மறுபடியும் எஞ்சினுக்குள் தலையை விட்டான். "தெர்மோஸ்டாட்டே இல்லண்ணே. அதான் எஞ்சின் சூடு ஏற மாட்டேங்குது."

"எந்த மடையன் கழட்டுனான்?"

காளிதாசன் ஸ்பேனரை நிதானமாகத் துடைத்தான். "நான்தாண்ணே. நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்குன்னு எல்லா காடிக்கும் கழட்டிருவேன்."

புதிதாக ஒன்றை மாட்டியதும் அனல் வீசியது. ஆர்தருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஹீட்டரை அடைக்கப் போனார். குமிழ் கையோடு வந்துவிட்டது. டாஷ்போர்டைப் பிரித்ததில் கண்ணாடி இறக்குகிற வயரும் போயிருந்தது.

"ஹீட்டர அடைக்கிற கேபிள் பினாங்குல இருந்துதான் வரணும். அதுவரைக்கும் மெதுவாப் போங்கண்ணே, ஹோஸ் பழசு. வேகமாப் போனா பிச்சுக்கும்."

ஆர்தர் அன்றே பாலிங்குக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை நானே வந்து ஏத்திக்கிறேன். காடியில ஹீட்டர் இருக்கு." "பஸ்லயே வந்துர்றோமே" என்று அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் கேப்ரியல், "சரிங்க" என்றார்.

ஆர்தரின் மனைவி கேதரின் காடிக்குள் தலையை நீட்டிய வேகத்தில் வெளியே எடுத்தாள். "இட்லிப் பானைக்குள்ள உக்காந்து வர எனக்கென்ன தலையெழுத்தா? நீங்களே போயிட்டு வாங்க."

பாலிங்கிலிருந்து திரும்பி வந்த காடியைப் பஸ் முந்தியது, லாரி முந்தியது, மோட்டார் சைக்கிளில் கூண்டு நிறையக் கோழி ஏற்றிப் போன பெரியவரும் முந்தினார். உள்ளே மூன்று பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். கேப்ரியலிடம் நடுக்கம் மட்டும் இல்லை. காலை நீட்டிக் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கிச் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே அவர் வாயைத் திறந்தார். "அடுத்த மாசமே நிச்சயத்த வச்சிரலாம் சம்பந்தி."

ஆர்தருக்குத் தலைகால் புரியவில்லை. கேப்ரியலைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகும்போது கேதரினிடம், "பாத்தியா, ஹீட்டர் போட்டேன், குளுரு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த நளினி, கேதரினின் காதருகே குனிந்தாள்.

"குளுராவது ஒண்ணாவது. அன்னைக்கு அண்ணன் காடி ஓட்டுன வேகத்துல இவரு பயந்து நடுங்கிட்டாருக்கா. சம்பந்திகிட்ட மெதுவாப் போங்கன்னா மரியாதையா இருக்காதுன்னு, குளுருதுன்னு சொல்லி வச்சாரு."