சாக்கா, ஹாக்கா?

ஓசூரில் வேலை பார்ப்பவனுக்குக் கன்னடம் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. (சொந்த ஊரான சாமல்பட்டியில் நான் கேட்ட ஒரே வேற்றுமொழி, ரயில் நிலைய அறிவிப்பு.) நெட்வொர்க்கிங் விஷயத்திலும் அப்படித்தான். வீட்டு வைஃபையை அணைத்துப் போடத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நெட்வொர்க் ஆளாகச் சேர்ந்துவிட்டேன்.

வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி குறிப்போம் என்று பக்கத்துப் பேரிகை ஊரில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதனால் மேலாளர் இருமினால்கூட எழுந்து நின்றுவிடுவேன்.

ஒருநாள் கூப்பிட்டார்.

“டிஸ்பாட்ச்சுல கம்ப்யூட்டரை எல்லாம் இணைக்கப் புது சுவிட்ச் வேணும். மேனேஜ்டு வாங்கலாமா, அன்மேனேஜ்டு போதுமா?”

(இப்படி இரண்டு வகை இருப்பதே அன்றுதான் தெரியும்.)

“அன்மேனேஜ்டே போதும் சார். அதான் நான் இருக்கேனே, மேனேஜ் பண்ணிக்கிறேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். விலை குறைவு என்பதால் சரி என்றுவிட்டார்.

சுவிட்ச் பெட்டி வந்தது. சர்வர் அறையில் எனக்கு மூத்தவரான மஞ்சுநாத் அண்ணா. பதற்றம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். நான் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பகுதியில், பிரஸ் மெஷின்களின் தடதடப்புக்கு நடுவே, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கேபிள்களைச் செருகியதும் பச்சை விளக்குகள் சிமிட்டின. போன உயிர் திரும்பி வந்தது. ஒரே ஒரு முனை மட்டும் தொங்கியது.

“அண்ணா, இன்னொரு முனை தொங்குது. அதையும் போடட்டுமா?”

“சாக்கு! சாக்கு!”

கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். என் காதில் விழுந்ததோ “ஹாக்கு! ஹாக்கு!” அதாவது, போடு போடு. எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு கன்னடச் சொற்களில் அதுவும் ஒன்று. மனுஷர் இவ்வளவு ஆர்வமாகச் சொல்கிறாரே என்று போட்டேன். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. தகவல் எல்லாம் வாலைத் துரத்தும் நாய் மாதிரி அங்கேயே சுற்ற ஆரம்பித்தது. விளக்குகள் வெறிபிடித்து மின்னின. (நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன்.) பில் அடிப்பது நின்றது. அலுவலகம் நின்றது. கேட்டில் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

“போதும்னேன்டா! சாக்குன்னேன்!” என்று போனில் அலறல். அதற்குள் மேலாளர் ஓடி வந்துவிட்டார்.

“யாரு இதைச் சொருகச் சொன்னது?”

“அண்ணா சாக்குன்னாரு சார்…”

“என்ன சாக்கு? யார்கிட்ட சாக்கு சொல்றே?”

“இல்ல சார், சாக்கு… ஹாக்கு…”

“இன்னொரு சாக்கு சொன்னே, வீட்டுக்குத்தான் போவே!”

மஞ்சுநாத் அண்ணா வந்து கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் தொழிற்சாலை மூச்சுவிட்டது. “மேனேஜ்டு சுவிட்சா இருந்தா இப்படிச் சுத்துறதைத் தானே கண்டுபிடிச்சு அடைச்சிருக்கும்” என்றார். நான் அந்தக் கேபிளைச் சுருட்டி வைத்தேன்.

வேலை போகவில்லை, ஆனால் நிரந்தரமாவது தள்ளிப்போனது. கூடவே கல்யாணமும். ஞாயிறுதோறும் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி ஒழுங்காக நெட்வொர்க்கிங் படித்தேன். கல்யாணம் தள்ளிப்போன காரணம் கேட்டு பேரிகையிலிருந்து பெண்ணே போன் செய்தாள். கன்னடம் சரளமாகப் பேசுகிறவள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சம்பந்தம் முறிந்தது என்றே முடிவுகட்டினேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்று தொழிற்சாலைக்கு சுவிட்ச் தேர்ந்தெடுப்பவன் நான்தான். கல்யாணமும் ஆகி, வீட்டில் கரண்டி அவள் கையில்.

“சாக்கா, ஹாக்கா?”

“சாக்கு.”

“ஹாக்குன்னுதான் காதுல விழுந்துச்சு” என்று இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். என் தொப்பைக்கு இதுதான் காரணம் என்றால் யாரும் நம்புவதில்லை. சாக்குச் சொல்கிறேனாம்.