ஊசி படாத பிள்ளை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதை எங்கே போடுவதென்றே தெரியவில்லை. குளிர்காலக் காய்ச்சலில் சாவது கிழடுகள். ஊசி குத்துவது பிள்ளைகளுக்காம்.

"கன்னுக்குட்டிக்கு லாடம் அடிச்சா கிழட்டுக் குதிரை ஓடுமா?" என்று கேட்டார், சொத்தும் சமையலும் பொதுவாக வைத்து வாழும் அந்தக் கிறிஸ்தவக் காலனியின் வாத்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சகரியாஸ்.

"வீடு வீடா காய்ச்சலைச் சுமக்கிறது பிள்ளைங்கதான் ஐயா," என்றாள் தடுப்பூசி போட வந்த நர்ஸ். "அவங்களுக்குப் போட்டா உங்களுக்கு வராது. வழி விடுங்க, நாளைக்கு அடுத்த காலனிக்குப் போகணும்."

ஊசிக்குள் இருப்பதே காய்ச்சல்தான் என்பது சகரியாஸின் முடிவு. போன குளிர்காலக் காய்ச்சலிலேயே மனைவி ஜூடித்தின் நெஞ்சு பாதி கெட்டுவிட்டது. இன்னொரு காய்ச்சலை அது தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குப் பொதுச் சமையற்கூடத்திலிருந்து தினமும் சூப் எடுத்து வருவது பேத்தி டொரோத்தியா. அவள் ஒருத்தியாவது ஊசி படாமல் இருக்கட்டும் என்று கொட்டகையில் ஒளித்துவைத்தார்.

ஆனால் காலனிப் பிள்ளைகள் சாப்பிடுவது ஒரே மேசையில், வயது வரிசைப்படி. ஒன்பதாவது இடம் விழுந்த பல்லாகத் தெரிந்தது. வாத்தியார் தேடி வந்தார். நூறு வாத்துகளும் சேர்ந்து காட்டிக்கொடுத்தன.

"என்ன பெரியப்பா, தலையில முக்காடு போட்ட வாத்து ஒண்ணு புதுசா இருக்கு?"

"அவளுக்கு வயித்துவலிடா."

வயிற்றுவலி என்றதும் சமையற்கூடத்திலிருந்து விளக்கெண்ணெய் வந்தது. டொரோத்தியா தாத்தாவை முறைத்துக்கொண்டே குடித்தாள்.

"வயித்துவலின்னா இன்னிக்கு ஊசி வேண்டாம். நர்ஸம்மா அடுத்த வாரம் வந்து போடுவாங்க," என்றார் வாத்தியார்.

சகரியாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"முட்டை லாரி இன்னிக்கு உங்க தம்பி காலனிக்குத்தானே போகுது?" என்றாள் ஜூடித். "ரெண்டு வாரம் அங்க இருந்துட்டு வரட்டும்."

ஐம்பது வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன முதல் உருப்படியான யோசனை இதுதான் என்று சகரியாஸுக்குத் தோன்றியது. அவரே பேத்தியை லாரியில் ஏற்றிவிட்டார்.

அவள் திரும்பி வந்ததும் காய்ச்சல் அண்டாமலிருக்க வாசலில் பூண்டு மாலை கட்டினார். ஊசி குத்திய பிள்ளை ஒன்றும் படியேறக் கூடாது. விறகு எடுத்துவரும் பிள்ளைகள் நின்றுபோனதால் அவரே சுமந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜூடித்துக்காக கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வந்த பிள்ளைகளைப் பனியில் நிறுத்தி ஜன்னல் வழியாகப் பாடச் சொன்னார். ஜன்னலைத் திறக்காததால் வாயசைப்பு மட்டும் தெரிந்தது.

"ஊமைப் பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜூடித்.

டவுனெல்லாம் காய்ச்சலில் படுத்தது. ஜூடித் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

பனி உருகியதும் நர்ஸ் வந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆண்கள் பக்கமிருந்து சகரியாஸ் எழுந்தார்.

"உன் ஊசி ஒரு மண்ணும் பண்ணல, தாயி. இந்தக் குளிர் பூரா என் வீட்டுப் படியேறினது ஒரே பிள்ளை. அது ஊசி படாத பிள்ளை."

டொரோத்தியா சூப்புக் கிண்ணத்துக்குள் சிரித்தாள். பெண்கள் பக்கமிருந்து ஜூடித்தின் குரல் வந்தது.

"நர்ஸம்மா மறுநாள் போன காலனி உங்க தம்பியோடதுதான். ஊசிக்குச் சம்மதம்னு மருமக கையெழுத்துப் போட்ட சீட்டை இவ காலுறைக்குள்ள வெச்சு அனுப்பினதே நான்தான்."

சகரியாஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாத்துக் கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

"அப்படின்னா பூண்டுதான்," என்றார் போகிறபோக்கில்.