சித்திரையில் கிடைக்காத ஒயின் புத்தகம்

பீப்பாயின் லைப்ரரியில் திருடிவிடலாம் என்ற யோசனை எனக்கு முதன்முதலில் உதித்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். பாப்பாரப்பட்டித் தக்காளி மண்டிக்குப் பின்னால் இருந்த அறையில், நான் கேட்ட புத்தகம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மனிதர் தரமாட்டேன் என்கிறார்.

"இது ஐப்பசி புஸ்தகம் தங்கச்சி. ஐப்பசில வாங்க."

"அண்ணா, சும்மா படிக்கத்தான் கேக்கறேன்."

"சும்மா படிக்கறதுக்குத்தான் பேப்பர் வருதுங்களே!"

ஒரு சொட்டு ஒயினைக்கூட நாக்கில் வைக்காமல் ஒயினால் கெட்ட பெயர் வாங்கியவர், தருமபுரி மாவட்டத்தில் என்ன, இந்தப் பூமியிலேயே பீப்பாய் ஒருவர்தான். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பந்தலுக்கு ஊன்றிய குச்சி மாதிரி இருப்பார். வாசல் பலகையில் 'ஒயின் - வேளாண்மை நூலகம்' என்று எழுதி, பக்கத்தில் தானே ஒரு பீப்பாய் வரைந்தார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

தொழில், மண்டியின் தக்காளி வண்டி ஓட்டுவது. ஒருமுறை பெங்களூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒயின் வியாபாரம் செய்த யாரோ பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம். வாசலில் மூட்டை மூட்டையாய்ப் புத்தகம். திராட்சை, ஒயின், மண், உரம், பூச்சி என்று எல்லாம் கலந்து பழைய பேப்பர்காரருக்காகக் காத்திருந்தன. காலி கிரேட்டோடு ஊர் திரும்ப இவருக்கு மனசு வரவில்லை. அத்தனையையும் கேட்டு வாங்கித் தக்காளி கிரேட்டில் அடுக்கிக் கொண்டுவந்துவிட்டார். பிளஸ் டூ படித்தவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகத்திலும் என்ன இருக்கிறது என்று தமிழில் சீட்டு எழுதி உள்ளே செருகினார். பிரெஞ்சுப் புத்தகங்களில் மட்டும் 'படம் நல்லாருக்கு' என்று எழுதியிருக்கும்.

இவ்வளவு செய்த மனிதர் ஒழுங்காய் அடுக்க வேண்டாமா? ஆசிரியர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை, எண் இல்லை. பன்னிரண்டு கிரேட், பன்னிரண்டு மாதம். எந்த வேலை எந்த மாதத்தில் வருமோ அந்த கிரேட்டில் அந்தப் புத்தகம். அந்த மாதத்தில்தான் இரவல். மார்கழியில் வந்து விதைப்பு பற்றிக் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வேளாண்மையில் பட்டம் வாங்கி, வேலைத் தேர்வும் எழுதி, முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்த என்னிடமே இந்தச் சட்டம்! நான் கொதித்தேன்.

"காலமில்லாத காலத்துல படிச்சா மறந்துருவீங்க. அப்பறம் புஸ்தகம் சரியில்லம்பீங்க" என்பார்.

ஊர் பேசிய பேச்சு தனி. ஒருநாள் ஒருவர் டம்ளரும் ஊறுகாய் பாக்கெட்டுமாய் வந்து உட்கார்ந்தார். பீப்பாய் கொஞ்சமும் அசரவில்லை. ஒட்டுக்கட்டுதல் பற்றி முப்பது பக்கம் படித்துக்காட்டினார். வந்தவர் அதன்பிறகு அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. வீட்டில் எனக்கு அம்மாவின் அர்ச்சனை.

"பொண்ணு ஒயின் லைப்ரரிக்குப் போவுதுன்னு ஊரே பேசுதுடி. நாளைக்கு எவன் வந்து கேப்பான்?"

"படிக்கத் தெரிஞ்சவன் வந்து கேப்பான்மா."

நான் கேட்ட ஐப்பசிப் புத்தகம் போர்டோ கலவை பற்றியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிற நீல மருந்தை நம் பக்கத்தில் தெரியாத விவசாயி கிடையாது. அது பிறந்தது பிரான்சில் போர்டோ என்கிற ஒயின் ஊரில் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ரோட்டோரம் போகிறவர்கள் திராட்சையைப் பறிக்கிறார்கள் என்று, விஷம் மாதிரித் தெரியட்டுமே என அங்கே நீலமாய் எதையோ பூசி வைத்தார்களாம். திருடர்களும் வரவில்லை, கொடியில் நோயும் வரவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் பீப்பாய் வண்டியின் ஹாரன் மாதிரிச் சிரிப்பார்.

வைகாசியில் மண்டிக்காரரே அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தார். லைப்ரரி இருந்த அறை அவருடையது. தன் டிரைவர்தானே என்று சும்மா விட்டிருந்தார்.

"ஐப்பசில வாங்க மொதலாளி."

"ஏம்ப்பா, என் எடத்துல உக்காந்துகிட்டு எனக்கே ஐப்பசியா?"

"உங்களுக்குன்னு தனிப் பஞ்சாங்கம் இல்லீங்களே!"

ஐப்பசி பிறந்தது. முதல் நாளே புத்தகத்தை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு பீப்பாய் காத்திருந்தார். மண்டிக்காரர் வரவில்லை. ரோஷம். மழை விடாமல் பிடித்தது. அவருடைய தோட்டத்தில் தக்காளி இலையெல்லாம் கருகல் புள்ளி. யாரோ சொன்னதைக் கேட்டு, இரும்பு டிரம்மில் துத்தத்தைக் கொட்டிக் கலக்கினார். சுண்ணாம்பு பேருக்குத்தான். பாதித் தோட்டத்துக்கு அடித்தார். நோய் தின்றது போக மிச்சமிருந்த பச்சையையும் மருந்தே பொசுக்கிவிட்டது.

பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? புத்தகத்தின் மேல்! அதுவும் அவர் தொடாத புத்தகத்தின் மேல்!

"ஒயின்காரன் மருந்து ஒயின் மாதிரிதான் எரியும்" என்று மண்டி முன்னால் நின்று கத்தினார். "விவசாயப் புஸ்தகம் இருக்கட்டும். ஒயின் புஸ்தகம் அம்புட்டும் ஞாயித்துக்கெழமைக்குள்ள வெளிய போவணும்!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் சேர்த்து அந்த டிரம்மிலேயே முக்கியிருப்பேன். நேராய் லைப்ரரிக்குப் போய்க் கத்தினேன்.

"வைகாசிலயே குடுத்திருந்தா இந்தப் பாதித் தோட்டம் பொழச்சிருக்கும்ணா! உங்க சட்டத்தத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

பீப்பாய் எழுந்தார். மேசைமேல் இருந்த புத்தகத்தை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் டிரம், சுண்ணாம்பு, துத்தம், துரு போகத் தேய்த்த ஓர் அரிவாள். வண்டியில் ஏற்றி, "ஏறுங்க" என்றார்.

மண்டிக்காரர் தோட்டத்தில்தான் இருந்தார். வரப்பில் நின்று பீப்பாய் புத்தகத்தை உரக்கப் படித்தார், கல்யாண மந்திரம் சொல்கிற மாதிரி. படித்தபடியே கலக்கினார். அரிவாளை உள்ளே விட்டு எடுத்தார். முனையில் செம்பு நிறம் படிந்திருந்தது.

"பாருங்க மொதலாளி. இப்புடிச் செவந்தா இன்னம் சுண்ணாம்பு வேணும்னு அர்த்தம். இதுதான் இலைய எரிச்சுது. ஒயின் எரிக்கலீங்க."

அரிவாள் நிறம் மாறாமல் வெளியே வரும்வரை சுண்ணாம்பு ஊற்றினார். மீதிப் பாதிக்குப் பீப்பாயே அடித்தார். அந்தப் பாதி பிழைத்தது.

மண்டிக்காரர் மனம் மாறினாரா? மாறினார், ஒரு புத்தகத்தின் அளவுக்கு.

"செரி, இந்தப் புஸ்தகம் மட்டும் இருக்கட்டும். மத்த ஒயினெல்லாம் எடுத்துரு."

நியாயத்தைப் பாருங்கள்! இலை பிழைத்ததும் வேர் வேண்டாமாம். நான் வாய் திறப்பதற்குள் பீப்பாய் சொன்னார்: "பிரிச்சு வெக்க வராதுங்க மொதலாளி. எது ஒயின், எது விவசாயம்னு எனக்கே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கிரேட்டும் வெளியேறின. ஒயின்காரன் மருந்து எரியும் என்று கத்திய மண்டியிலிருந்து ஒரு கைகூட வந்து தூக்கிவிடவில்லை. இப்போது அவை எங்கள் வீட்டு டிராக்டர் ஷெட்டில் இருக்கின்றன. டிராக்டர் மழையில் நிற்கிறது. அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா மட்டும் யாரும் இல்லாதபோது போய் பிரெஞ்சுப் படம் பார்க்கிறாள்.

நேற்று பீப்பாய் பதின்மூன்றாவதாய் ஒரு கிரேட்டைக் கொண்டுவந்தார். மாதப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கேட்டவுடன்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு புத்தகம், அந்த ஐப்பசிப் புத்தகம்.

"இந்த ஒண்ணு மட்டுந்தான் தங்கச்சி" என்றார், தோற்றுப்போனதை மறைத்துக்கொண்டு.

நாளைக் காலை பலகையில் புதுப் பெயின்ட். 'ஒயின்' என்ற சொல்லை முன்பைவிடப் பெரிதாக எழுதப் போகிறேன். அது காய்ந்ததும் மார்கழி கிரேட்டிலிருந்து ஒவ்வொரு புத்தகமாய்ச் சண்டைபோட்டு இந்தப் பதின்மூன்றாவது கிரேட்டுக்கு இழுக்க வேண்டும். மனிதர் லேசில் விடமாட்டார். விட்டுவிடவும் கூடாது. அவர் ஒத்துக்கொண்டுவிட்டால், அப்புறம் நான் யாரோடு சண்டை போடுவேன்?