பைபாஸுக்கு வெள்ளைப் பூ

மாமனார் ஊரில் கடை வைத்துப் பிழைப்பதில்லை என்று கந்தப்பன் சபதம் போட்டு முப்பது வருடம் ஆகிறது. கல்யாணமான மறுவாரம் அது. இளம்பிள்ளையில் மகள் பேருக்கு எழுதிவைத்த இடத்தைக் காட்டி, "மாப்பிள்ளை, இங்கயே ஒரு கடையப் போட்டு உக்காந்துக்கங்க" என்றார் மாமனார். கந்தப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வீட்டோட மாப்பிள்ளையா? நானா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்ககிரிக்கு வந்து லாரித் தொழிலில் இறங்கினார். ஒரு லாரி இரண்டானது. அப்புறம் இரண்டும் பழைய இரும்பானது. கடைசியில் மிஞ்சியவை பைபாஸ் ஓரத்தில் லாரி நிறுத்திய காலி இடமும் அந்த ரோஷமும்தான்.

இப்படியிருக்க, ஒரு நாள் எலக்ட்ரிக் கார் கம்பெனியிலிருந்து இலக்கியா என்ற பெண் வந்தாள். சத்தமே இல்லாத காரில் வந்ததால் வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை. சேலம் வட்டாரத்தில் கம்பெனி ஒரு ஷோரூம் திறக்கிறதாம். விற்பனையும் சர்வீஸும் ஒரே இடத்தில். ஊர் ஊராகச் சுற்றி இரண்டு இடங்களைப் பொறுக்கியிருந்தாள். ஒன்று கந்தப்பனின் பைபாஸ் இடம். இன்னொன்று சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளையில் அவர் மனைவி சென்னியம்மாளின் இடம்.

"ரெண்டுமே எங்களுக்குச் சம்மதம்தாங்க ஐயா. ரெண்டும் ஒரே வீட்டு இடமாப் போச்சு. எதைக் குடுக்கறதுன்னு நீங்களே பேசி, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றாள் இலக்கியா.

கந்தப்பனுக்குக் கண்ணுக்குள் ஷோரூம் எழுந்துவிட்டது. கண்ணாடிச் சுவர். ஏசி. ஓரமாக இடத்துக்காரருக்கென்று ஒரு சுழல் நாற்காலி. பைபாஸில் போகிற லாரிக்காரனெல்லாம் ஆரன் அடித்துக் கும்பிடு போடுவான். அதுவே இளம்பிள்ளை என்றால்? மச்சான் கதிர்வேல் வீட்டுக்கு எதிரே உட்கார வேண்டும். மத்தியானச் சோறு மச்சான் வீட்டிலிருந்து வரும். "முப்பது வருசங் கழிச்சாவது மாப்பிள்ளைக்குப் புத்தி வந்துதே" என்று ஊரே சொல்லும்.

"இதுல பேச என்னம்மா இருக்குது? பைபாஸ்தான்" என்றார்.

"ஏனுங்க, செத்த பொறுங்க" என்றாள் சென்னியம்மாள். "ஏன் கண்ணு, இந்த வண்டிக்குக் கரண்டு ஏத்த எவ்வளவு நேரமாகும்?"

"முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகலாங்கம்மா."

"பைபாஸ்ல அத்தன நேரம் என்ன பண்ணுவாங்க?"

"காத்து வாங்குவாங்க" என்றார் கந்தப்பன்.

"லாரிப் பொகையத்தான் வாங்கோணும். இளம்பிள்ளைன்னா வண்டிய விட்டுப்போட்டுச் சேலை எடுக்கப் போயிருவாங்க. சேலை எடுக்க முக்கா மணி நேரம் பத்துமுங்களா? வண்டி ரொம்பித் ததும்பிப் போயிரும்."

"நீ சேலைக்கடையப் பத்திப் பேசறே. இது காரு. வண்டி ஓடற எடத்துலதான் புள்ள வண்டிக் கடை வெக்கோணும்!"

"ஓடற வண்டிக்கு எதுக்குங்க சர்வீஸு? நிக்கற வண்டிக்குத்தானுங்க. வண்டி நிக்கற எடம் எதுன்னு பாருங்க. உங்க பைபாஸ்ல ஒருத்தன் நின்னு பாத்திருக்கறீங்களா?"

"ஏன், நான் நிக்கலயா?"

"உங்க லாரி பிரேக்டவுனாகி நின்னுதுங்க. அது வேற கணக்கு."

இலக்கியா காபி தம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். தம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியும் முகம் வெளியே வரவில்லை.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் போர். போர் என்றால் கந்தப்பன் மட்டும்தான் போர் செய்தார். சென்னியம்மாள் சத்தம்கூடப் போடவில்லை. மூன்று வேளையும் கொள்ளுப் பருப்பு போட்டாள், அவ்வளவுதான். கந்தப்பன் நியாயம் பேசினார், மிரட்டினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தும் பார்த்தார். "எந்திரிச்சுக் கொள்ளு ரசம் குடிங்க, வாய்வா இருக்கும்" என்றாள். சபதம் காற்றில் பறக்கப்போகிறதே என்று அவருக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. அல்லது அது கொள்ளாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது.

"அம்மிணி, நமக்குள்ள எதுக்குச் சண்டை? செல்லாண்டியம்மன்கிட்டப் பூக் கேட்டுருவோம்."

பூக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்துக் குலதெய்வத்தின் காலடியில் போடுவார்கள். வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் உத்தரவு. கல்யாணமோ கிணறோ, அம்மன் பூக் கொடுக்காமல் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடந்ததில்லை.

"வெள்ளப் பூ வந்தா பைபாஸ். செவப்பு வந்தா உங்க ஊரு. என்ன சொல்றே?"

"சரிங்க" என்றாள் சென்னியம்மாள்.

முப்பது வருடத்தில் அவள் எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. சுதாரித்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் கந்தப்பன் அதற்குள் பூக்கடைக்குக் கிளம்பியிருந்தார்.

வியாழக்கிழமை காலை பொட்டலம் கட்டும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். குளித்து, திருநீறு பூசி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பொட்டலத்தில் ஒரு கிள்ளு மல்லிகையை வைத்துச் சுருட்டினார். இன்னொரு பொட்டலத்திலும் ஒரு கிள்ளு மல்லிகையை வைத்துச் சுருட்டினார். எதை எடுத்தாலும் பைபாஸ். கன்னத்தில் மட்டும் நாலு தடவை போட்டுக்கொண்டார். "தாயே, உனக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்" என்று அம்மனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

முடிவு தெரிந்துகொள்ள இலக்கியாவும் காரோடு கோயிலுக்கு வந்துவிட்டாள். பூசாரி சின்னான் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். எந்தப் பக்கமும் சேராதவர் எடுப்பதுதான் முறை என்பதால், இலக்கியாவையே எடுக்கச் சொன்னார்கள்.

"ஊட்டுப் பொம்பள முன்னால வந்து, என்ன உத்தரவு வேணுமோ வாய்விட்டுக் கேளுங்க" என்றார் பூசாரி.

சென்னியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கை கூப்பினாள். கோயில் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"தாயே, செல்லாண்டி! இளம்பிள்ளைல கடை வெக்க உனக்குச் சம்மதம்னா வெள்ளப் பூக் குடு. பைபாஸ்தான்னா செவப்புக் குடு."

கும்பிட்டுக்கொண்டிருந்த கந்தப்பன் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏய்! ஏய்! வெள்ளப் பூ பைபாஸுக்கு! ஊட்டுல அப்படித்தான பேசினோம்!"

"அட, ஆமாங்க! மாத்திக் கேட்டுப்போட்டனாட்ட இருக்குது" என்று சென்னியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போச்சாதுங்க. ஒரு பொட்டலத்துல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. எப்படிக் கேட்டா என்னங்க? ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

கந்தப்பன் அம்மன் காலடியிலிருந்த பொட்டலங்களைப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணுதான். அதுதான் பிரச்சினை.

"இல்ல... திருப்பி ஒருக்காக் கேட்டா..."

"அம்மங்கிட்டக் கேட்ட வார்த்தைய மாத்தப்படாதுங்க" என்றார் பூசாரி கண்டிப்பாக. "எதுக்குங்க இத்தனை பதறறீங்க? செவப்பே வரலாமுங்கல்லோ?"

"வரலாம்... வரலாம்..." என்றார் கந்தப்பன். செல்லாண்டியம்மன் நினைத்தாலும் அந்தப் பொட்டலங்களில் சிவப்பு வராது என்பது உலகத்திலேயே தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இலக்கியா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். மல்லிகை கமகமத்தது.

"வெள்ளப் பூ! இளம்பிள்ளைதான், அம்மன் வாக்கு!" என்று பூசாரி மணியை ஆட்டினார். பூவைச் சென்னியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, "எதுக்கும் அந்தச் செவப்பையும் ஒருக்காப் பிரிச்சுக் காட்டீர்றன்" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

முட்டிவலிக்காரர் கந்தப்பன் எப்படித்தான் பாய்ந்தாரோ, பூசாரியின் கை போவதற்குள் பொட்டலம் அவர் சட்டைப் பைக்குள் இருந்தது.

"அம்மன் வேண்டாம்னு சொன்ன பூவப் பிரிச்சாக் குடும்பத்துக்கு ஆகாது!" என்றார்.

"அப்படி ஒரு முறையிருக்கறதே எனக்குத் தெரியாதுங்களே" என்று பூசாரி ஆச்சரியப்பட்டு, மனதில் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது இலக்கியாவே இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். சென்னியம்மாள் பின்சீட்டில் ஏறியதுமே தம்பிக்குப் போன் போட்டாள். "கதிர்வேலு, பத்திரத்த எடுத்து வெய்யி. ஆமா, மாமாவும் வாராரு. நெம்பச் சந்தோசமா இருக்கறாரு." பக்கத்தில் சந்தோசமாக இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பைபாஸில் அவருடைய காலி இடம் வந்தது, போனது. முப்பது வருட ரோஷத்துக்குக் கடைசியாக ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். போனால் போகிறது, பொட்டல விஷயம் வெளியில் தெரியாமல் மானமாவது தப்பியதே என்று பெருமூச்சு விட்டார்.

லாரியாக இருந்திருந்தால் பக்கத்திலிருப்பவர் கத்தினாலும் கேட்காது. இது பாழாய்ப்போன எலக்ட்ரிக் கார். சென்னியம்மாள் அவர் காதோரம் மெதுவாகத்தான் சொன்னாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இலக்கியாவின் தோள் குலுங்குகிற அளவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, பாக்கெட்டுல இருக்கற மல்லிப்பூவையுங் குடுத்துருங்க. இந்த ஒரு கிள்ளு தலைக்குப் பத்தல."