ஒன்றரை மீட்டர்

"டேப்பு வெச்சுப் பாக்காம பெட்டியை இறக்காதீங்க."

முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றிருந்த மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் கோட்டு, கக்கத்தில் ஃபைல், கையில் அளவு டேப்பு. யாரோ அதிகாரி என்று மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தத் தெருவில் இன்டர்நெட் பெட்டி நின்றாக வேண்டும். தவறினால் அனுமதி காலாவதி, மறுபடி வாங்க ஆறு மாதம். "பெட்டி நிக்கலைன்னா நாளையிலிருந்து நீங்க குடோன்ல குழாய் எண்ணலாம்" என்று என்ஜினியர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"நடைபாதையில ஒன்றரை மீட்டர் வழி விடணும். இங்க ஒன்னு நாப்பதுதான் வருது" என்றார் மஞ்சள் கோட்டுக்காரர்.

நீங்கள் யார் என்று மேஸ்திரி கேட்கவில்லை. மேஸ்திரியும் மஞ்சள் கோட்டுதான் போட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நடுரோட்டில் கட்டில் போட்டுப் படுத்தாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

"சரிங்க சார். குழியை மூடிட்டு வேற இடம் பாக்கறோம்."

"மூடறதுக்கெல்லாம் நேரத்தை வீணாக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

இப்படியும் ஒரு அதிகாரியா என்று மேஸ்திரி உருகிப்போனார்.

அடுத்து, தெருத் திருப்பத்தில் இருந்த மருந்துக்கடை ஓரம். வியர்க்க விறுவிறுக்கத் தோண்டி முடித்தபோது அதே மஞ்சள் கோட்டுக்காரர் வந்தார்.

"திருப்பத்துல பெட்டி நின்னா எதிர்ல வர்ற வண்டி தெரியாது. விதி இருக்கு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"தோண்டினாத்தானே எங்க வைக்கப்போறீங்கன்னு தெரியும்?"

நியாயமாகத்தான் பட்டது. அந்தக் குழியை மூடிவிட்டு மரத்தடிக்குப் போனார்கள். வேரை வெட்டக்கூடாது என்பது மேஸ்திரிக்கே தெரிந்த விதி. அதனால் இரண்டடி தள்ளிக் கடப்பாரையைப் போட்டார். தண்ணீர்க் குழாய் உடைந்து முகத்தில் பீய்ச்சியது. தெருக்காரர்கள் முதலில் பக்கெட்டுகளோடு வந்தார்கள். நிரம்பியதும் திட்ட ஆரம்பித்தார்கள். ஆள் வந்து குழாயை அடைக்க நாலரை ஆகிவிட்டது.

லாரி டிரைவர் பொறுமையாகச் சொன்னார். "அண்ணே, மூணு குழி ஆச்சு. பெட்டி மட்டும் காலையிலேர்ந்து லாரியை விட்டு இறங்கலை."

"முதல் குழிக்கே விடு. பத்து சென்டிமீட்டர்தானே, கால்ல விழுந்தாவது கேட்டுடறேன். நல்ல மனுஷன், விட்டுடுவார்."

குடோனை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. சொட்டச் சொட்ட நனைந்தபடி லாரியில் ஏறினார்.

முதல் குழி இருந்த இடத்தில் குழி இல்லை. நீல நிறப் பெட்டி ஒன்று நிமிர்ந்து நின்றது. அடியில் சிமென்ட் இன்னும் காயவில்லை. நெற்றியில் வேறொரு கம்பெனியின் பெயர். மேஸ்திரி டேப்பை இழுத்து நடைபாதையை அளந்தார். ஒன்று நாற்பது.

பக்கத்துக் கடையில் சாவிக்காரர் குனிந்து அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதை யாருங்க வெச்சது?" என்றார் மேஸ்திரி.

"மஞ்சக் கோட்டு போட்டு ஒருத்தர் சுத்திக்கிட்டிருந்தாரே, அவர்தான்" என்றார் சாவிக்காரர், தலையைத் தூக்காமலே. "பாவம், குழி தோண்ட ஆள் கிடைக்காம ரெண்டு நாளா அலைஞ்சாரு."